ஆஃபர் வந்தாச்சு... ஆட்டம் எங்கே?

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, வீட்டில் கேசரி கிண்டி, தெருவுக்கே கொடுத்த பிறகும் ஜாயினிங் தேதி வராமல் காத்திருக்கும் சீனியர் உங்க காலேஜிலும் ஒருத்தர் இருப்பார். அவர் வலி புரிஞ்சா, சத்னம் சிங் கதையும் புரியும் ஃப்ரெண்ட்ஸ்!

2015 ஜூன். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்குக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நாள். 30 அணிகள், மொத்தமே 60 இடங்கள். 52-வதாக டல்லாஸ் மேவரிக்ஸ் அறிவித்த பெயர் சத்னம் சிங். டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர்! வயசு 19, உயரம் 7 அடி 2 அங்குலம்.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன். அப்பாவும் ஏழடியைத் தாண்டியவர். லூதியானா அகாடமியில் பந்தைப் பிடித்த பையன், 14 வயசில் ஸ்காலர்ஷிப்போடு ஃப்ளோரிடா போனார். இங்கிலீஷ் தெரியாது. பந்து மட்டும்தான் தெரியும்.

செலக்ட் ஆயாச்சு. அப்புறம்? அங்கேதான் சிக்கல். முதல் சுற்றில் தேர்வானவருக்குச் சம்பளம் உத்தரவாதம். இரண்டாம் சுற்றுக்காரருக்கு அது கிடையாது. சத்னம் இரண்டாம் சுற்று. டல்லாஸின் கிளை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் 2 சீசன் இருந்தார். பெரும்பாலும் பெஞ்ச்தான். என்.பி.ஏ. சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இப்படிப்பட்டவர்களை 'ஜர்னிமேன்' என்பார்கள். சீசனுக்கு ஒரு ஜெர்சி, ஒரு ஊர், எப்பவும் ரெடியா ஒரு பெட்டி! கனடாவில் பிறந்த பஞ்சாபி சிம் புல்லர் 2015-ல் சாக்ரமென்டோ கிங்ஸுக்காக 3 ஆட்டம் ஆடிவிட்டு, பிறகு தைவான் வரை போய் ஆடினார். சத்னமும் 2018-ல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்குப் போனார்.

ஊர் ஊராகப் போகவும் ஊர் வேணுமே பாஸ்? இந்தியாவில் 2015-ல் தொடங்கிய யூ.பி.ஏ. லீக், சென்னை ஸ்லாம் உட்பட எட்டு அணிகளோடு ஓடி, 2017-க்குப் பிறகு நின்றுபோனது. அதனால்தான் விழுப்புரமோ, திண்டிவனமோ, நம்ம குயிலாப்பாளையமோ... பந்தைத் தட்டும் பசங்களுக்கு வீட்டில் சொல்லும் அட்வைஸ் ஒண்ணுதான்: "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பேங்க், ரயில்வேன்னு சேர்ந்துடுப்பா!" அது பயமில்லை, கணக்கு.

சத்னமுக்கு அடுத்த அடி 2019-ல். ஊக்கமருந்து சோதனையில் தடை செய்யப்பட்ட ஹிஜெனமைன் இருந்தது தெரிந்து 2 ஆண்டு தடை. பல பேருக்கு அத்தோடு 'தி எண்ட்' கார்டு விழுந்திருக்கும். இவர் ஆட்டத்தையே மாற்றினார். 2021-ல் அமெரிக்காவின் ஏ.ஈ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 2022-ல் ரிங்குக்குள் இறங்கினார்.

தோற்றவரா, ஜெயித்தவரா? பட்டிமன்றம் வைக்கலாம். ஆனா ஒண்ணு, 52-வது இடம் அவருக்குக் கதவைத்தான் திறந்தது. உள்ளே நாற்காலி போட்டு வைக்கவில்லை. ஆஃபர் லெட்டரை ஃப்ரேம் போடும் முன்னாடி, அதில் இருக்கும் சின்ன எழுத்தையும் ஒருதரம் படிச்சிடுங்க மக்களே!