கழற்றுவதிலும் ஒரு விஞ்ஞானம்

பையிலுள்ள பிரஸ் பட்டனைத் திறக்கும்போது எங்கே பிடித்து இழுப்பீர்கள்? பட்டனுக்குப் பக்கத்திலேதான், அல்லவா? துணியின் கோடியைப் பிடித்து இழுத்தால் பட்டன் திறக்காது, துணிதான் கிழியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு காரின் கதவருகே வாருங்கள்.

மழை நாள். கதவுக் கண்ணாடி மேலே ஏறாமல் நின்றுவிட்டது. அதை ஏற்றி இறக்கும் பொறி, கதவின் உட்புறப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. 'டோர் பேட்' எனப்படும் இந்தப் பலகையில் ஓர் ஆணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படிக் கழற்றுவது?

பலகையின் பின்புற ஓரத்தில் பிளாஸ்டிக் கிளிப்புகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றின் தலையும் அம்பு முனை போன்றது. முன்பக்கச் சரிவு மென்மையானது. கதவுத் தகரத்தின் துளையில் வைத்து அழுத்தினால், அது சாய்தளம்போல் வேலை செய்கிறது. தலை சுருங்கி நுழைகிறது. பின்னர் மீட்சித்தன்மையால் விரிந்து பிடித்துக்கொள்கிறது. பின்பக்கமோ செங்குத்துக்கு நெருங்கியது. ஆகவே நுழைவது எளிது, வெளிவருவது கடினம்.

ஆயினும் பின்பக்கத்தையும் சற்றுச் சரித்தே செய்கிறார்கள். நேராக இழுத்தால் தலை மறுபடி சுருங்கி வெளிவரும். கோணலாக இழுத்தால் தகைவு முழுவதும் கழுத்தின் ஒரு பக்கத்தில் குவியும், கழுத்து முறியும்.

இங்கேதான் நெம்புகோல் உதவுகிறது. நுனி கவட்டையாகப் பிளந்த 20 செ.மீ. நெம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆதாரப் புள்ளி நுனியிலிருந்து 2 செ.மீ. தள்ளி இருந்தால், திறன் புயம் 18 செ.மீ. கையின் விசை 9 மடங்காகும்! கவட்டை கிளிப்பின் கழுத்தைத் தழுவி நின்றால் இவ்விசை கிளிப்பை நேரே தூக்கும். தள்ளி நின்றாலோ பலகையை உடைக்கும். கிளிப் மலிவு, உடைந்த பலகை மலிவல்ல. கூரிய திருப்புளி பலகையில் வடுப்படுத்துவதால், பிளாஸ்டிக் நெம்பியே ஏற்றது.

நெம்புமுன், கைப்பிடிக் குழியிலும் சிறு மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பலகை விரிசல் காணும். கிளிப்புகள் விடுபட்டதும் பலகையை வெடுக்கென்று இழுக்கலாகாது. பின்னால் மின்கம்பிகள் இருக்கும்.

குளிரும் ஒரு பகை. பல பலகைகள் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. பனிக்காலத்தில் மலைப் பிரதேசங்களில் வண்டியைச் சற்று வெயிலில் நிறுத்திய பிறகு கழற்றுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை! விபத்தின்போது விரியும் காற்றுப்பைகளும் அவற்றின் உணர்விகளும் சில உட்புறப் பலகைகளுக்குப் பின்னால் உண்டு. பாட்டரி இணைப்பை நீக்கி, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே தொட வேண்டும். இது பயிற்சி பெற்றவரின் வேலை; நீங்கள் அருகில் நின்று பாருங்கள்.

அடுத்த முறை ஒரு மெக்கானிக் கதவைத் திறக்கும்போது, அவர் நெம்பியை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் பாடப்புத்தகத்தின் சாய்தளமும் நெம்புகோலும் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும்.