விசைத் தெளிகருவியின் ஈரடிப்பு எஞ்சினைப் பேணல்



பயிரிற் பீடை பரவும் வேளையில் தெளிகருவி இயங்காது நின்றால், ஒருநாளேனும் தாமதித்தல் நட்டமேயாகும். முதுகிற் சுமக்கும் விசைத் தெளிகருவிகள் பலவற்றில் உள்ளது சிறிய ஈரடிப்பு எஞ்சின். பழைய மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றில் இருந்ததும் இவ்வகையே. இதன் இயல்பை அறிந்து பேணுவோர் பெரும்பாலான பழுதுகளைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க் கலவை

இவ்வெஞ்சினுக்குத் தனியான எண்ணெய்த் தேக்கம் இல்லை. பெற்றோலுடன் கலந்து செல்லும் எண்ணெயே உராய்வைத் தணிக்கின்றது. வெறும் பெற்றோலில் இயக்கினால் பிஸ்டன் சூடேறி, சிலிண்டருடன் இறுகிவிடும். ஆதலால் கருவியுடன் வந்த கைந்நூலிற் கூறிய அளவையே கைக்கொள்ளுங்கள். 25க்கு 1 எனின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஈரடிப்பு எஞ்சின் எண்ணெய் வேண்டும். 50க்கு 1 எனின், 20 மில்லிலீற்றர் போதும். வேறொரு கலத்திற் கலந்து, நன்கு குலுக்கிய பின்னரே தாங்கியில் ஊற்றுங்கள். எஞ்சின் ஆறுமுன் ஊற்றுதல் ஆபத்தானது. எண்ணெய் மிகுந்தால் புகை பெருகும். பிளக்கிற் கரி படியும்.

இயங்காவிடின்

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை என்பது பொருள். தாங்கியின் குழாய், வடிகட்டி, மூடியிலுள்ள காற்றுத்துளை, காபரேற்றர் என்பவற்றை ஒழுங்காகச் சோதியுங்கள். ஈரமாயிருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது. ஆளியை நிறுத்தி, எரிபொருட் குழாயை மூடி, பிளக் இல்லாமலே இழுகயிற்றைச் சில தடவை இழுத்த பின், பிளக்கைத் துடைத்துப் பூட்டுங்கள். பிளக்கின் முனை இளங்கபில நிறமாயிருத்தல் நன்று. வெண்மையாயின் எஞ்சின் மிகச் சூடாகின்றது. எண்ணெய்க் கலவையையும் காற்றுக் கசிவையும் உடனே கவனிக்கவேண்டும்.

வலு குறைந்தால்

காற்று வடிகட்டியிற் தூசி அடைந்திருக்கலாம். பஞ்சு வடிகட்டியாயின் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துங்கள். வடிகட்டியின்றி ஒருபோதும் இயக்கவேண்டாம். உட்புகும் தூசி சிலிண்டரைத் தேய்த்துவிடும். புகை வாயிலிற் கரி படிந்திருந்தால், பிஸ்டனை மேலே நிறுத்தி வாயிலை மூடிக்கொண்டு, மரக்குச்சியாற் சுரண்டுங்கள். இரும்பு ஆயுதம் கீறல் உண்டாக்கும்.

போகம் முடிந்ததும்

தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிளக்கின் துளையிற் சில துளி எண்ணெய் இட்டு, இழுகயிற்றை மெதுவாக ஒருமுறை இழுத்துப் பிளக்கைப் பூட்டுங்கள். இச்சிறு முயற்சி, அடுத்த போகத்தில் உங்கள் பயிரைக் காக்கும்.