மலை முகட்டு நடையும் நம்ம பிள்ளைகளும்

முதுகிலே பை, கையிலே தடி, காலிலே தடித்த சப்பாத்து. இப்படி வெளிநாட்டாரும் கொழும்புப் பக்கத்தவரும் தேயிலை மலைகளுக்குள்ளே நடந்து போவதைப் பல தோட்டங்களில் இப்போது காண்கிறோம். "பஸ் இருக்கும்போது எதுக்கு இப்பிடி நடக்குறாங்க?" என்று லயத்து வாசலில் நின்று பேசிக்கொள்கிறோம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. இந்த நடைக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது. அது நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமானால், அது எப்படிப்பட்ட தொழில் என்று முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நடப்பது எந்தப் பாதையில்?

மலையகத்தில் 'பெக்கோ ட்ரெயில்' என்று ஒரு நெடும் நடைபாதை அடையாளப்படுத்தப்பட்டுள்ளது. ஸ்டோரில் நாம் தரம் பிரிக்கும் பெக்கோ தேயிலையின் பெயரைத்தான் அதற்கும் வைத்திருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இந்தப் பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. அதை 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இந்த வழியில்தான் இருக்கிறது.

இதில் பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதை அல்ல. அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கிடையே ஆளும் சாமானும் போய்வந்த பழைய தோட்டப் பாதைகளே. காட்டை வெட்டி, கல்லைப் புரட்டி அவற்றைப் போட்டது நம்ம பாட்டன் பூட்டன்மார். அதனால் "இது யாரோ வெள்ளைக்காரர் விஷயம்" என்று நாம் ஒதுங்கி நிற்பதில் நியாயமில்லை.

கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் வருகிறவர்களுக்கு மலையும் நீரும் ஒன்றாகக் கிடைக்கின்றன. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ, மஸ்கெலியா ஓயாவை மறித்துக் கட்டிய மவுஸ்ஸாகலை இரண்டும் மின்சாரத்துக்காக 1960களில் உண்டான நீர்த்தேக்கங்கள். பழைய மஸ்கெலியா டவுன் மவுஸ்ஸாகலைத் தண்ணீருக்குள்ளேதான் கிடக்கிறது. நீர் வற்றும் காலத்தில் பழைய கட்டடங்கள் தலைகாட்டும். அப்பால் 2,243 மீற்றர் உயரத்தில் சிவனொளிபாத மலை. இந்தக் கதைகளைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் வருகிறவர் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார். சொல்ல ஆள் இருந்தால், அதுவே அந்த ஆளுக்குப் பிழைப்பு.

வழிகாட்டி செய்வது என்ன?

சனி, ஞாயிறு இரண்டு நாள் நடைக்கு ஒரு கூட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டியின் வேலை முதல் நாளே ஆரம்பித்துவிடும். வருகிறவர்களின் வயது, நோய் நொடி, மருந்து எல்லாம் கேட்டறிய வேண்டும். எந்தத் தோட்டத்து வழியாகப் போகிறோமோ அந்தத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் சொன்ன கணக்கை இன்றும் மலை நடைக்காரர் வைத்திருக்கிறார்கள். சமதரையில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். ஏற வேண்டிய ஒவ்வொரு 600 மீற்றர் உயரத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். 12 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் என்றால் ஏறக்குறைய மூன்றரை மணித்தியாலம் வரும். ஓய்வு, சாப்பாடு, படம் பிடிப்பு எல்லாம் சேர்த்தால் ஐந்துக்கு மேல் போகும். கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் நமக்கு இது பெரிதில்லை. ஆனால் கதிரையில் இருந்து வேலை செய்கிறவருக்கு மூச்சு வாங்கும். கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவரின் வேகம்தான் முழுக் கூட்டத்தின் வேகம். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர் நின்று தலையை எண்ணிக்கொண்டே போக வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை, "இனிப் போக வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்வது. காசு கொடுத்தவர் முகம் சுளிப்பார். இருந்தாலும் மூடுபனி இறங்கினாலும் இடி கேட்டாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மலையில் கவனிக்க வேண்டியவை

இடி மின்னல்: ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகலுக்குப் பின் இடி மழை அதிகம். மின்னல் தெரிந்து 30 செக்கனுக்குள் இடி கேட்டால் ஆபத்து கிட்ட இருக்கிறது. முகட்டை விட்டு உடனே இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே மேலே போகலாம். இது நடைக்காரருக்கு மட்டுமல்ல, மலையில் கொழுந்தெடுக்கும் நமக்கும் பொருந்தும்.

குளவி: நம்ம ஆட்கள் எத்தனையோ பேர் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், உயிரையும் விட்டிருக்கிறார்கள். எந்த மரத்தில், எந்தக் கல்லிடுக்கில் கூடு இருக்கிறது என்று நமக்குத் தெரியும், வெளியாருக்குத் தெரியாது. கலைந்தால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும். பல கொட்டு விழுந்தாலோ மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

சிறுத்தை: முகட்டுக் காடுகளில் சிறுத்தை இருக்கிறது. பெரும்பாலும் அது மனிதரைக் கண்டால் விலகிப் போகும். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில்தான் அது மாட்டிக்கொள்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படி மாட்டி, சில நாளில் செத்தது. சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம். சிறுத்தையைக் காட்டிச் சம்பாதிக்கக்கூடிய வழியையும் நம்ம கையாலேயே அடைத்துக்கொள்வதாகும்.

வீட்டார் செய்ய வேண்டியது

பிள்ளைகள் நடைக்காரர் பின்னால் ஓடி இனிப்பும் பேனையும் கேட்பதை நிறுத்துங்கள். இன்றைக்கு ஒரு டொபி கிடைக்கும், ஆனால் கை நீட்டும் பழக்கம் நாளைக்கும் நிற்கும். லயத்துக்குள்ளும் பீலியடியிலும் கேட்காமல் படம் பிடிக்க யாருக்கும் உரிமையில்லை. "வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. மாறாக, சுத்தமான இடத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் விலை எழுதிப் போட்டு விற்றால் அது கௌரவமான வருமானம். பாதையோரம் குப்பை கொட்டாமல் இருப்பதும் நமக்கே நல்லது.

வழிகாட்டியாக என்ன தேவை?

வெளிநாட்டாரைக் கூட்டிப் போக அனுமதிப் பத்திரம் வேண்டும். அதைக் கொடுப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று பிரிவுகள் உண்டு. ஒரு பகுதியை மட்டும் நன்கு அறிந்த நம்ம பிள்ளைகளுக்குப் பிரதேச வழிகாட்டி வேலை பொருத்தமானது. பத்திரம் இல்லாமல் கையைக் காட்டிக் கூட்டிப்போய் நூறு, இருநூறு வாங்குவது தொழிலாகாது. விபத்து நடந்தால் பழி முழுக்க அந்தப் பிள்ளை தலையில்தான் விழும்.

பாதை, மரம், மழை, குளவி, கோயில் கதை எல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். மிச்சம் இருப்பது இங்கிலிஷும் சிங்களமும் பேசப் பழகுவது, முதலுதவி படிப்பது, நேரம் தவறாமை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கொழும்புக் கடைக்குப் போகும் பையனை இன்னும் இரண்டு வருடம் படிக்க வையுங்கள். "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்றும் தள்ளிவிடாதீர்கள். பெண்கள் மட்டும் வரும் கூட்டத்துக்குப் பெண் வழிகாட்டி கூடப் போனால் அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் எங்களிடம் அழைத்து வாருங்கள். விண்ணப்பம் எழுதவும், எங்கே விசாரிக்க வேண்டும் என்று சொல்லவும் நாங்கள் இருக்கிறோம். நம்ம முன்னோர் போட்ட பாதையில் மற்றவர்கள் வழிகாட்டி நடக்க, நம்ம பிள்ளைகள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் நிலை வரக்கூடாது.