மெட்ஸ் கைவிட்ட வேகம்

நான் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். 1971 டிசம்பரில் எங்கள் அணி செய்த பேரத்தை இன்றும் மனம் ஏற்கவில்லை. நோலன் ரையன் என்ற இளம் வீச்சாளரையும் இன்னும் மூவரையும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்து, ஜிம் ஃப்ரெகோசி என்ற ஒருவரை வாங்கினார்கள்.

பேஸ்பாலில், கிரிக்கெட்டைப் போலப் பந்து தரையில் குத்தி எழாது. நேராக பேட்டரிடம் வரும். குறி தவறி நான்கு பந்து போனால் பேட்டருக்கு முதல் தளம் இலவசம். ரையனிடம் அசுர வேகம் இருந்தது, குறிதான் நிலைக்கவில்லை. அது படியும்வரை காத்திருக்க மெட்ஸுக்குப் பொறுமையில்லை.

1973 பருவத்தில் மட்டும் ரையன் எடுத்த ஸ்டிரைக்அவுட்கள், அதாவது மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றியவை, 383. ஓய்வு பெறும்போது மொத்தம் 5,714. அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. ஃப்ரெகோசியையோ மெட்ஸ் அதே 1973இல் விற்றுவிட்டது.

வேகம் பெரும்பாலும் பிறவியில் வருவது. குறி பழக்கத்தில் வருவது. இளம் வீச்சாளரை எடைபோடும் அணிகள் இதை மறக்கக் கூடாது.