கீழாநெல்லிக் கட்டுக்குள்ளே யார் யார்?

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கீழாநெல்லிக் கட்டு ஒன்று ஆய்வக மேசையில் பிரிகிறது. இலையடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள். கீழாநெல்லியேதான் என்று சத்தியம் பண்ணத் தோன்றும். பொறுங்கள்! ஃபில்லாந்தஸ் பேரினத்தில் இதே சாயலில் பங்காளிகள் ஏராளம். கடைச் சரக்கில் அவர்களும் கலந்து வருவதுண்டு.

முதலில் லென்ஸ். குண்டூசித் தலை அளவுதான் பூ, ஆனால் அதில்தான் எத்தனை துப்பு! புல்லிதழ் 5 என்றால் ஃபில்லாந்தஸ் அமாரஸ், அதாவது நம்ம ஆள். 6 இருந்தால் ஃப்ராட்டெர்னஸோ டெபிலிஸோ யூரினேரியாவோ. காய் சொரசொரவென்று, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கிறதா? யூரினேரியாவேதான், மாட்டிக்கொண்டது!

எல்லாம் சரி, பொடியாக அரைத்து டப்பாவில் அடைத்துவிட்டால்? பூவுமில்லை, காயுமில்லை. இனிமேல்தான் ஐயா வேடிக்கை.

பொடியை சிடேப் என்ற கரைசலில் போட்டு 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைக்கிறார்கள். கூடவே சேர்க்கும் மெர்காப்டோஎத்தனால் இருக்கிறதே, அழுகிய முட்டை தோற்றுப்போகும் நாற்றம்! ஆனால் அதுதான் இலையின் பாலிஃபீனால்கள் டி.என்.ஏ.வைக் கெடுத்துப் பழுப்பாக்காமல் காக்கிறது. வேண்டாததை எல்லாம் பிரித்து நீக்கிவிட்டு, மிச்சத் தெளிவில் குளிர்ந்த ஐசோபுரோப்பனாலை ஊற்றுகிறார்கள். அதிர்ஷ்டமிருந்தால் வெள்ளை இழைகள் மிதந்து வரும். வெறுங்கண்ணுக்கே தெரிகிற டி.என்.ஏ.! எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

அடுத்து பி.சி.ஆர். சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் வேண்டிய துண்டு இரட்டிக்கும். 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்றே நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும்! எந்தத் துண்டு என்பதில்தான் சூட்சுமம். விலங்குகளை அடையாளம் காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியா மரபணு செடிகளில் ஆமை வேகத்தில் மாறுவதால் உதவாது. அதனால் பசுங்கணிகத்தின் ஆர்.பி.சி.எல்., மேட்கே என்ற இரண்டு மரபணுக்களையும் தாவரங்களை அடையாளம் காட்டும் பொது பார்கோடாக 2009இல் பரிந்துரைத்தார்கள். நெருங்கிய பங்காளிகளைப் பிரிக்க அதுவும் போதாதபோது, வேகமாக மாறும் பி.எஸ்.பி.ஏ.–டி.ஆர்.என்.எச். இடைவெளியை நாடுகிறார்கள்.

பெருக்கிய துண்டின் எழுத்து வரிசையை இயந்திரம் படிக்க, கடைசியில் திரையில் ஏ, டி, ஜி, சி என்று நான்கு நிற மேடு பள்ளங்கள். அந்த வரிசையைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் பெயர் வந்து விழும். ஆனால் தரவுத்தளத்தில் அந்தப் பெயரைப் போட்டது யார்? லென்ஸ் வைத்து இதழ் எண்ணி, செடியை அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டிய ஆசாமிதான். அவர் கோட்டைவிட்டால் இயந்திரமும் கோட்டைவிடும். நம் நாட்டுப் பழைய தாவர நூல்கள் அமாரஸ், ஃப்ராட்டெர்னஸ், டெபிலிஸ் மூன்றையும் நிரூரி என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்பி வைத்திருந்தன. அசல் நிரூரியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி!