காரின் பெயரைச் சொன்னால் கிடைக்காது. எஞ்சின் எண்ணைச் சொல்லிப் பாருங்கள்

பண்டார் பாரு, செர்டாங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு பழைய கார் நிற்பதை இன்றும் பார்க்கலாம். அப்பாவோ தாத்தாவோ விட்டுப் போனதாக இருக்கும். ஒரு மோரிஸ் மைனர், ஒரு டட்சன் 120ஒய், அல்லது நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகா. சாலை வரி செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். விற்கவும் மனம் வராது, ஓட்டவும் வழியிருக்காது.

பிள்ளைகள் எப்போதாவது ஒரு போமனை அழைத்து வந்து காட்டுவார்கள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் பார்ட்ஸ் வர்றதில்ல" என்பார். அடுத்த மாதம் பழைய இரும்பு வாங்குபவர் லாரியோடு வந்து நிற்பார். கார் எடைக்குப் போய்விடும். பல சமயங்களில் அந்தக் காருக்குத் தேவைப்பட்டது ஒரு ஹெட் கேஸ்கெட்டும் நான்கு பிஸ்டன்களும்தான்.

உதிரிபாகம் வருவதில்லை என்பது பாதி உண்மை. கடையில் நாம் காரின் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். அந்தப் பெயரில் கார் வருவது நின்று முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் கடைக்காரர் இல்லை என்கிறார். ஆனால், கார் தொழிற்சாலைகள் ஒவ்வொரு காருக்கும் புதிதாக எஞ்சின் செய்வதில்லை. ஒரே எஞ்சினைச் சிறிது பெரிதாக்கியும் குறைத்தும் பத்துக் கார்களில் வைப்பார்கள். கார் நின்றுபோனாலும் அதன் எஞ்சின் வேறு பெயரில் வேறொரு காரில் தொடர்ந்திருக்கும்.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்து, 1971இல் உற்பத்தி நின்றது. முதலில் இருந்தது 918 சிசி எஞ்சின். 1952இல் 803 சிசி வந்தது, 1956இல் அது 948 ஆனது, 1962இல் 1098 ஆனது. கடைசி மூன்றும் 'ஏ சீரிஸ்' என்ற ஒரே குடும்பம். 1951இல் ஆஸ்டின் ஏ30 காரோடு பிறந்த அந்தக் குடும்பம், பழைய மினி கார் நிற்கும்வரை, அதாவது 2000ஆம் ஆண்டுவரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே மைனரின் வால்வு, ராக்கர், கேஸ்கெட் போன்றவற்றைத் தேடுகிறவர் ஐம்பதுகளின் காருக்காக அலையவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை செய்யப்பட்ட எஞ்சினுக்காகத் தேடுகிறார். பிரிட்டனில் இதற்கென்றே கடைகள் உள்ளன. பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள்.

எந்த எஞ்சின் என்பதை எஞ்சின் பிளாக்கில் ஆணி அடித்துப் பொருத்திய சிறு தகடு சொல்லிவிடும். எண் 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம் என்று தொடங்கினால் 1098. காரின் ஆண்டை மட்டும் நம்பக்கூடாது. அறுபது ஆண்டுகளில் யாராவது ஒருவர் எஞ்சினை மாற்றியிருப்பார்.

டட்சன் 120ஒய் காரில் இருப்பது ஏ12 எஞ்சின், 1171 சிசி. இதே வரிசையில் வந்த ஏ15 எஞ்சினோடுதான் நம் நாட்டில் நிசான் வெனெட் வேன் ஓடியது. மீன் லாரியாக, பள்ளி வேனாக, கேட்டரிங் வண்டியாக நாம் எல்லாரும் பார்த்த வேன் அது. அதனால் 120ஒய் வைத்திருப்பவர் 'வெனெட்' என்ற சொல்லோடு கடைக்குப் போனால் பேச்சே மாறும். வெளியே பொருத்தும் பாகங்களை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிஸ்டனை மட்டும் வாங்கிவிடக் கூடாது. ஏ12இன் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர், ஏ15க்கு 76.

சாகாவுக்கு இன்னும் எளிது. 1985 ஜூலையில் வந்த முதல் சாகாவில் மிட்சுபிஷியின் 4ஜி13 எஞ்சின், 1298 சிசி. பின்னர் வந்த 1.5 சாகாவில் 4ஜி15, 1468 சிசி. இதே குடும்பம் ஈஸ்வராவிலும் வீராவிலும் தொடர்ந்தது. பழைய உருவச் சாகா 2008இல் நிற்கும்வரை அதன் மூடிக்குள் இருந்தது. இங்கும் ஒரு பள்ளம் உண்டு. முதல் சாகாக்களுக்கு எட்டு வால்வு. பின்னர் வந்த எஞ்சினுக்குப் பன்னிரண்டு. கீழ்ப்பகுதிக்கு வீராவில் தேடலாம், ஹெட் பாகங்களுக்கு அப்படித் தேட முடியாது. எட்டு வால்வு ஹெட் நல்ல நிலையில் கிடைத்தால், இப்போது தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சினைப் பிரித்து அளக்காமல் பாகம் வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவது. சிலிண்டர் தேய்ந்திருந்தால் மெஷின் ஷாப்பில் கடைந்து பெரிதாக்கி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். ஜப்பான் எஞ்சின்களுக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று கூட்டுவார்கள். பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 30 என்று கணக்கு. முன்பே ஒருமுறை கடைந்த எஞ்சினாகவும் இருக்கலாம். பிஸ்டன் தலையில் பொறித்த எண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இனிக் கடைய இடமில்லை என்றாலும் எஞ்சின் செத்ததாகாது. உள்ளே ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டு வரலாம்.

விட்டம் ஒன்றாக இருந்தால் பிஸ்டனும் ஒன்றுதான் என்று நினைப்பதும் தவறு. 998 சிசி மினிக்கும் 1098 சிசி மைனருக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே. ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் வேறு, அதனால் பின் பொருத்தும் உயரமும் வேறு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று மாற்றி வாங்கினால் அது மேசை மேல் சாம்பல் கிண்ணமாகத்தான் உதவும்.

சின்னச் சாமான்களுக்குக் காரின் பெயரே தேவைப்படாது. ஆயில் சீலின் முகத்தில் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் இருக்கும். பேரிங்கிலும் எண் உண்டு. அவற்றைச் சொன்னால் கார் கடைக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்குப் பேரிங் விற்கும் கடையிலேயே கிடைக்கும். ராக்கர் மூடியின் கார்க் கேஸ்கெட்டையும் காகிதக் கேஸ்கெட்டையும் தாளாக வாங்கிக் கையால் வெட்டிக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கெட்டை மட்டும் அப்படிச் செய்ய நினைக்க வேண்டாம்.

ரப்பர் பாகங்களில் இன்னொரு விஷயம். நம் தோட்டங்களில் பால் வெட்டி எடுத்த இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அதனால்தான் ஆயில் சீல்களை நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். ஆனால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குக்கு இயற்கை ரப்பருக்கு ஈடு இல்லை. அதிர்வை அப்படி வாங்கிக்கொள்ளும். எஞ்சின் ஆயில் கசிவைச் சரி செய்யாமல் புது மவுண்டிங் போட்டால் அது சீக்கிரமே கெட்டுப்போவது இதனால்தான்.

ஹெட்டைக் கழற்றும்போதே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மைனர் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம் காத்தது. இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை. ஹெட்டின் இரும்பிலேயே வெட்டிய அந்த இருக்கைகள், வேகமாக ஓட்டினால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். புகை வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளை மெஷின் ஷாப்பில் அடித்துப் பொருத்தச் சொல்லலாம்.

தேடும் இடங்களைப் பொறுத்தவரை பண்டார் பாருக்காரர்களுக்கு ஒரு வசதி. கெடா, பேராக், பினாங்கு மூன்றும் கைக்கெட்டும் தூரம். கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், பக்கத்தில் நிபோங் திபால், சற்று மேலே புக்கிட் மெர்தாஜாம். இதில் 'ஆஃப் கட்' கடைகளையும் உள்ளூர்க் கார் உடைக்கும் கடைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆஃப் கட் என்பது ஜப்பானில் முன்பாதி வெட்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் வயரிங்கும் சேர்ந்தாற்போலக் கப்பலில் வருவது. அவை புதிய தலைமுறைக் கார்கள். 120ஒய்க்கு அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சாகாவுக்கும் வெனெட்டுக்கும் போக வேண்டியது உள்ளூர்க் கார்களை உடைக்கும் கடைக்கு.

வெளிநாட்டில் தேடுகிறவர்கள் பிரிட்டனோடு நிற்க வேண்டியதில்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருப்பவருக்குச் சென்னையே போதும். அந்தக் காரின் மூன்றாம் வரிசைதான் இந்தியாவில் அம்பாசடராகி 2014வரை வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் அம்பாசடரையும் நெடுங்காலம் இழுத்தது. ஜி.பி. ரோட்டில் புதுப் பாகம், புதுப்பேட்டையில் பழைய பாகம். ஊருக்குப் போகும் உறவினரிடம் பழைய பாகத்தின் படத்தையும் அளவையும் கொடுத்தனுப்பலாம். இலங்கையிலும் மோரிஸ் மைனர் நெடுங்காலம் தெருவில் ஓடிய கார். பிரிட்டனின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்லஸ் வேர், 1990களில் இலங்கையில் பட்டறை வைத்து மைனர் பாகங்களைச் செய்து பிரிட்டனுக்கே அனுப்பினார். இணையத்தில் வாங்கும்போது தபால் செலவோடு வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரி முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

இவ்வளவு அலைவதற்கு வேறு எஞ்சினையே போட்டுவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யலாம். ஆனால் கிரானில் எழுதியிருக்கும் எஞ்சின் எண், காரில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிளாக் மாறினால் வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், ஜேபிஜே பதிவிலும் மாற்ற வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீது, வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் சுங்கப் பத்திரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். ரசீது தராத கடையில் மலிவாக வாங்கிய எஞ்சின் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பதிவை மாற்றாமல் ஓட்டினால் காப்புறுதிப் பணம் கேட்கும் நாளிலும் சிக்கல் வரலாம். பிஸ்டன், ஹெட், கிராங்க் மாற்றுவதில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் எண் இருப்பது பிளாக்கில்.

அதனால் பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்பும் முன் எண்ணைத் துடைத்துத் தெளிவாகப் படமெடுத்து, கிரானோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மைனராக இருந்தால் அந்தச் சிறு தகடு கழுவும் தொட்டியில் கழன்று தொலையாமல் பார்த்துக்கொள்ளும்படி பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.