பாதி மலையில் வண்டி மாற வேண்டும்!

வேல்ஸின் வட கடற்கரையில் உள்ள லாண்டட்னோ ஊரை ஒட்டி, கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது கிரேட் ஓர்ம். 207 மீட்டர் உயரமுள்ள சுண்ணாம்புக்கல் மலை. அதன் மேல் 1902-ல் ஓடத் தொடங்கிய டிராம், இன்றும் ஓடுகிறது. மொத்தமே ஒரு மைல் தூரம்தான். ஆனால், ஏறிய வண்டியிலேயே உச்சிக்குப் போய்விட முடியாது. பாதி மலையில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். நிறுத்தத்தின் பெயரே ‘ஹாஃப்வே’தான்.

‘இடையில் இறங்கி ஏற வேண்டுமா?’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அங்கேயே விடை இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் பெரிய இரும்பு உருளைகள். ஒரு வடம் சுற்றிக்கொள்ள, இன்னொன்று அவிழ்கிறது. டிராமில் எஞ்சின் கிடையாது. அதை இழுக்கும் விஞ்ச் இங்கேதான் இருக்கிறது. 1958 வரை நீராவி, பிறகு மின்சாரம்.

உண்மையில் இது ஒரு பாதையல்ல, இரண்டு. கீழ்ப் பாதி, வீடுகளுக்கு நடுவே தெருவிலேயே ஏறுகிறது. சில இடங்களில் நான்கடி நகர்வதற்குள் ஓரடிக்கு மேல் ஏற்றம். வடம் சாலைக்கு அடியில் மறைந்து ஓடும். 1903-ல் திறந்த மேல் பாதி, புல்வெளியில் சாவகாசமாகப் போகிறது. அங்கே வடம் கண்ணெதிரே ஓடும். கீழே 4, 5 எண் வண்டிகள். மேலே 6, 7. ஒன்று ஏறினால் அதன் ஜோடி இறங்கும். இறங்கும் வண்டியின் எடை, ஏறும் வண்டிக்குக் கைகொடுக்கிறது.

விஞ்ச் அறையில் இருப்பவருக்கு வண்டி தெரியாது. அதனால், அந்தக் காலத்தில் டிராமின் கூரையில் ஒரு கம்பம் பொருத்தி, மேலே கம்பி கட்டியிருந்தார்கள். பார்ப்பவர்கள் மின்சார டிராம் என்றே நினைப்பார்கள். அதுவோ டிராமிலிருந்து விஞ்ச் அறைக்குத் தகவல் அனுப்பும் தந்திக் கம்பி! இப்போது ரேடியோ அந்த வேலையைச் செய்கிறது.

எல்லாம் அந்த வடத்தை நம்பித்தான். 1932 ஆகஸ்டில் வண்டியை வடத்தோடு பிணைத்த இரும்புத் தண்டு முறிந்தது. தறிகெட்டு இறங்கிய டிராம் சுவரில் மோதியதில் 12 வயதுச் சிறுமியும், அவளைக் காப்பாற்ற முயன்ற ஊழியரும் இறந்தார்கள். புதிய பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் 1934-ல்தான் டிராம் மீண்டும் ஓடியது.

ஹாஃப்வேக்குப் பக்கத்திலேயே வெண்கலக் கால மக்கள் தோண்டிய செப்புச் சுரங்கம் இருக்கிறது. அதையும் பார்க்கலாம். எனவே, அங்கே இறங்கியதும் அடுத்த வண்டிக்கு ஓடாதீர்கள். ஒரு வண்டியை விட்டுவிட்டு, கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்களை மேலே ஏற்றிவிட்டவர் அங்கேதான் வேலை செய்துகொண்டிருப்பார்.